பதினாலே முக்கால் கை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். கணக்கு என்றாலே பேரன் வயிற்றுவலி என்று படுத்துவிடுகிறான், பள்ளி விடுமுறைக்குப் பினாங்குக்கு அனுப்பட்டுமா, எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி குதிரையை வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டிருந்தாய். தாராளமாக அனுப்பு. ஆனால் உனக்குச் சொல்லிக்கொடுத்த லட்சணம் மறந்துவிட்டதா?

நீ நாலாம் ஆண்டு படித்த சமயம். நான் சைஸாக, அதாவது குதிரை பார்த்துக்கொள்பவனாக, இருந்த பந்தயக் கிளப் 1864இல் தொடங்கியது. அங்கே குதிரையின் உயரத்தைக் கைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு கை 4 அங்குலம். 14.3 என்றால் 14 கை, 3 அங்குலம். இன்னும் ஓர் அங்குலம் வளர்ந்தால் 14.4 இல்லை, 15. இதைப் பெருமையாக உனக்குச் சொல்லிவைத்தேன். நீ பரீட்சையில் 14.3உடன் 0.1ஐக் கூட்டி 15 என்று எழுதிவிட்டு வந்தாய்! நானும் குதிரை அளக்கும் கோலைத் தூக்கிக்கொண்டு நியாயம் கேட்கப் போனேன். வாத்தியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, கேள்வித்தாளில் குதிரை இல்லையே" என்றார்.

தப்பு என்னுடையதுதான். இப்போதுதான் உறைக்கிறது, அது தசமப் புள்ளியே இல்லை. உன் பாட்டி பால் அளக்கும்போது சொன்ன கால், அரை, முக்கால்தான். 14.3 என்பது பதினாலே முக்கால் கை. அப்படிச் சொல்லியிருந்தால் நீ குழம்பியிருக்க மாட்டாய்.

இந்தத் தடவை கோலைக் கடைசியில்தான் எடுப்பேன். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் என் பழைய கூட்டாளி குதிரை வைத்திருக்கிறான். நடந்தால் குளம்படி நாலு நாலாக விழும், டிராட் என்கிற துள்ளோட்டத்தில் ரெண்டு ரெண்டாக, கேண்டர் என்கிற மெதுவான பாய்ச்சலில் மூன்று மூன்றாக. மணலில் சத்தம் கேட்காது. சேணத்தில் உட்கார்ந்து இடுப்பால்தான் எண்ண வேண்டும். வாய்ப்பாடு அங்கேயே வந்துவிடும்.

அப்புறம் தீவனம். 450 கிலோ குதிரைக்கு நூற்றுக்கு ரெண்டு வீதம் நாளைக்கு 9 கிலோ காய்ந்த புல். தராசை அவனிடமே கொடுத்துவிடுவேன், மூன்று வேளைக்குப் பிரிக்கட்டும். ராத்திரிக்குக் குறைந்தால் குதிரை கதவை உதைத்துச் சொல்லும்.

குதிகால் வைத்த சப்பாத்து ஒன்று வாங்கி வை. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கூட்டாளியின் போனி 200 கிலோ, சேணம் 7 கிலோ. தன்னை அது தாங்குமா என்று பேரனே கணக்குப் போட்டு எனக்கு எழுதட்டும். நீ சொல்லிக்கொடுக்காதே.

அப்பா