நஞ்சுக்கொடியின் வரைபடம்: ஓர் ஆய்வு மாணவிக்குக் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

இரட்டைக் கருக்களுக்குச் செய்யும் லேசர் அறுவைச் சிகிச்சையில் கணினிப் பார்வை எந்த அளவுக்கு உதவும் என்பதை ஆய்வுப் பொருளாக எடுக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். மிக மகிழ்ச்சி. நிரல் எழுதத் தொடங்கும் முன், அந்தச் சிகிச்சையின்போது மருத்துவரின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதை நீங்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரே நஞ்சுக்கொடியை (பிளசென்டா) பகிர்ந்து வளரும் இரட்டைக் கர்ப்பங்களில் 10 முதல் 15 விழுக்காட்டில், அதன் மேற்பரப்பிலுள்ள இணைப்புக் குழாய்களின் வழியே ஒரு கருவின் இரத்தம் மற்றதற்கு ஒருபக்கமாகச் சென்றுவிடுகிறது. கொடுக்கும் கருவைச் சுற்றிய பனிக்குட நீர் வற்றுகிறது. பெறும் கருவின் பையில் நீர் பெருகி, அதன் இதயம் சுமை தாங்காமல் தளர்கிறது. அந்த இணைப்புகளை லேசரால் அடைக்கும் முறையை 1980களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா தொடங்கினார். லேசரை, பெருகிய பனிக்குட நீரை ஊசியால் வடிக்கும் முறையோடு ஒப்பிட்டு 2004இல் வெளியான யூரோஃபீட்டஸ் ஆய்வில், குறைந்தது ஒரு குழந்தையாவது பிறந்து 28 நாள் வரை பிழைத்தது நீரை வடித்த கர்ப்பங்களில் 56 விழுக்காடு, லேசர் செய்தவற்றில் 76 விழுக்காடு.

இந்த லேசரைச் செலுத்தும் மருத்துவர், சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஃபீட்டோஸ்கோப்பின் (கருப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் குழல் கருவி) வழியே நஞ்சுக்கொடியின் ஒரு சிறு வட்டத்தைத்தான் ஒரு நேரத்தில் பார்க்கிறார். நீர் கலங்கியிருக்கும், துகள்கள் மிதக்கும், கருவின் கையோ காலோ குறுக்கே வரும். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் இருந்தால் கருவியை வேண்டிய கோணத்தில் திருப்புவதே கடினம். தமனிகள் சிரைகளைவிடக் கருத்துத் தெரிவதையும் அவற்றின் மேலாகக் கடந்து செல்வதையும் அடையாளமாகக் கொண்டு, ஒவ்வொரு குழாயும் எந்தக் கருவிலிருந்து வருகிறது, எங்கே உள்ளிறங்கி எதனோடு சேர்கிறது என்று தொடர்ந்து பார்த்து, முழு வரைபடத்தையும் அவர் தம் நினைவிலேயே தாங்கியாக வேண்டும். ஓர் இணைப்பு விடுபட்டாலும் நோய் மீளலாம், அல்லது ஒரு கரு இரத்தசோகைக்கு உள்ளாகலாம். அடைத்த புள்ளிகளையெல்லாம் ஒரே கோடாக லேசரால் இணைக்கும் சாலமன் முறை, 2014இல் வெளியான ஆய்வில், மீண்டும் வரும் நோயை 7 விழுக்காட்டிலிருந்து 1 ஆகக் குறைத்தது.

சிறு காட்சிகளை ஒட்டிப் பெரும்படமாக்குவதுதான் உங்கள் துறையின் பங்கு. லண்டன், லூவன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய கிஃப்ட்-சர்ஜ் திட்டம் இதில் பெருமுயற்சி எடுத்தது. வழக்கமான அடையாளப் புள்ளிகளைத் தேடிப் பொருத்தும் முறை இங்கே அடிக்கடி தோற்கிறது; ஒளி கருவியோடு நகர்கிறது, பரப்பில் பிடிப்பான அடையாளங்கள் குறைவு. எனவே முதலில் குழாய்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் வடிவத்தைக் கொண்டே படங்களை ஒட்டும் வழி எனக்கு நம்பிக்கை தருகிறது. இத்தகைய காட்சிகளைக் கணினியால் பிரித்து ஒட்டுவதற்கான 2021இன் ஃபெட்ரெக் போட்டிக்காக 18 அறுவைச் சிகிச்சைகளிலிருந்து எடுத்து, குறியிட்டு வெளியிட்ட 2060 படங்கள் உங்களுக்கு நல்ல தொடக்கமாகும்.

ஆனால் தெளிவான காட்சிகளில் மட்டும் உங்கள் முறையைச் சோதிக்காதீர்கள். கலங்கிய நீர், கைகால் மறைத்த காட்சிகள், முன்சுவர் நஞ்சுக்கொடி ஆகியவற்றிலேயே மருத்துவருக்கு உதவி தேவைப்படுகிறது. ஒட்ட முடியாத பகுதியை நிரல் ஊகித்து நிரப்பக் கூடாது. இன்னும் பார்க்காத இடம் என்று திரையில் வெறுமையாகவே காட்ட வேண்டும். அந்த வெற்றிடம் கண்ணில் பட்டால்தான் மருத்துவர் கருவியை மீண்டும் அங்கே திருப்புவார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்