பந்தைக் கொடுத்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நட்சத்திர ஆட்டக்காரர்களுக்காகத்தான் கூட்டம் வருகிறது, ஆகவே பரிசும் பாராட்டும் அவர்களுக்கே போவதில் தவறில்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கூட்டம் வருவது உண்மைதான். ஆனால் அந்த 'ஆகவே' எனக்குச் செரிக்கவில்லை.

நான் எட்டு ஆண்டுகள் வாலிபால் ஆடியவன். செட்டர். மூன்று தொடுதலுக்குள் பந்து வலையைத் தாண்டிவிட வேண்டும். முதலில் ஒருவர் தரையில் விழுந்து பந்தை எடுப்பார். அது எந்தப் பக்கம் தெறித்தாலும் ஓடிப்போய் வலையோரம் தூக்கிக் கொடுப்பது என் வேலை. மூன்றாமவர் எம்பி அடிப்பார், கைதட்டல் எழும். அடித்தவரின் திறமை சாதாரணமானதல்ல. ஆனால் எதிரணியில் தடுக்க எழும்புகிறவர்களை வேறு பக்கம் இழுத்துவிட்டால்தான் அவருக்கு அடிக்க இடம் கிடைக்கும். அதைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்கிறவன் செட்டர். ஆட்டம் முடிந்ததும், "நீ எத்தனை பாயிண்ட் எடுத்தாய்?" என்பார்கள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

எதை எண்ண முடிகிறதோ அதற்குத்தான் நாம் பரிசு கொடுக்கிறோம். கோலை எண்ணலாம், ரன்னை எண்ணலாம். விழாமல் போன கோலை யார் எண்ணுவது? கால்பந்தில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பாலன் டி'ஓர் விருது தொடங்கியது 1956இல். இதுவரை அதை வென்ற ஒரே கோல் கீப்பர் லெவ் யாஷின், அதுவும் 1963இல். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கைக் காத்து நிற்கும் முன்வரிசை ஐவரில் ஒருவர்கூட அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழங்கும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றதில்லை.

வேறு விதமாகவும் பார்க்க முடியும் என்பதற்குக் கிரிக்கெட்டிலேயே சாட்சி உண்டு. 2001இல் ஹராரேயில் ஜிம்பாப்வேக்கு எதிரான ஒருநாள் போட்டியில் மேற்கிந்தியத் தீவுகளின் கேமரன் கஃபி ஆட்ட நாயகன் ஆனார். ஒரு ரன் அடிக்கவில்லை, ஒரு விக்கெட் எடுக்கவில்லை, ஒரு கேட்ச் பிடிக்கவில்லை. 10 ஓவரில் வெறும் 20 ரன் கொடுத்தார், அவ்வளவுதான். அந்த இறுக்கத்தைக் கவனித்துப் பரிசளித்தவரை நான் மனதாரக் கும்பிடுகிறேன். 1999 ஜனவரியில் செஞ்சுரியன் டெஸ்டில் தென்னாப்பிரிக்க அணியின் 11 பேருக்குமே ஆட்ட நாயகன் விருது போனது. எப்போதோ ஒருமுறை நடப்பதால்தான் இவற்றை நினைவு வைத்திருக்கிறோம்.

ஐஸ் ஹாக்கியில் இது அன்றாட நடைமுறை. கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி என்றால், அதற்கு முன் பாஸ் கொடுத்த இருவர் வரை தலா ஒரு புள்ளி கணக்கில் ஏறும். சர்வதேச வாலிபாலிலும் இப்போது சிறந்த செட்டர், சிறந்த லிபெரோ (பின்வரிசையில் நின்று பந்தை எடுக்கும் தடுப்பாட்டக்காரர்) என்று தனித்தனியே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் சின்னப் போட்டிகளில் மேடையில் இருப்பது ஒரே கோப்பை. அதை வாங்குவது பெரும்பாலும் அடிப்பவர்.

இதை என் பழைய ஆற்றாமை என்று நினைத்துவிட வேண்டாம். இப்போது சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வருகிற அத்தனை பேரும் அடிக்கத்தான் வருகிறார்கள். நல்ல கையும் கூர்மையான பார்வையும் உள்ள பையனைச் செட்டராக நில் என்றால் அவன் முகம் சுருங்கிப்போகிறது. தண்டனை கொடுத்ததுபோல் என்னைப் பார்க்கிறான். அவன் அப்படி நினைப்பதில் உங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கும் பங்கு உண்டு. நாள்தோறும் அவன் படிப்பது அதைத்தான்.

உங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். வெற்றிக் கோலைப் பற்றி எழுதும்போது, அந்தப் பந்தைக் கொடுத்தவர் பெயரையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள். கோலே விழாமல் முடிந்த ஆட்டமென்றால், தடுத்தவர் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் செட்டர்