மாசசூசெட்ஸ் கவர்னர் ஜான் வின்த்ராப்புக்கு

கவர்னர் ஐயா,

1649இல் நீங்கள் கண்மூடிய தேதி மார்ச் 26. இந்த வருஷமாவது எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு உங்களைக் கொண்டுவந்த அர்பெல்லா கப்பல், புதுக் காலனி 'மலைமேல் நகரம்' போல இருக்கும் என்ற உங்கள் பிரசங்கம், திரும்பத் திரும்ப ஜெயித்த கவர்னர் தேர்தல்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. நான் கேட்க வந்தது 1631 அக்டோபரில் ஒரு ராத்திரியைப் பற்றி.

மிஸ்டிக் என்ற இடத்தில் இருந்த உங்கள் பண்ணை வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஓநாய் தென்படுமா என்று துப்பாக்கியோடு கிளம்பினீர்கள். அரை மைல் தாண்டுவதற்குள் இருட்டி, வழி தப்பிவிட்டது. கண்ணில் பட்டது சகமோர் ஜான் என்ற பூர்வகுடித் தலைவரின் குடில், உள்ளே ஆளில்லை. வெளியே தீ மூட்டி, அங்கே கிடந்த பழைய பாய்களில் படுத்தீர்கள். தூக்கம் வரவில்லை. கொஞ்ச நேரம் நடை, கொஞ்ச நேரம் பைபிள் சங்கீதப் பாட்டு, நடுவே விறகு பொறுக்கல். விடியப்போகும் நேரத்தில் மழை. மேலங்கி இல்லாமல், ஒரு நீளக் கழியைப் பிடித்துக் குடிலுக்குள் ஏறினீர்கள்.

ஒரு காலனியை ஆள வந்தவர் கழியில் தொற்றி ஏறுவதை நினைத்தால் பிரியம்தான் வருகிறது. முந்தைய வருஷம்தான் மகன் ஹென்றி, வந்திறங்கிய கையோடு மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் தண்ணீரில் மூழ்கிப் போனான். நாட்குறிப்பில் அதற்கு ஒரே வரி. மார்கரெட்டுக்கு எழுதிய கடிதத்தில்தான் 'என் மகன் ஹென்றி, என் மகன் ஹென்றி' என்று உடைந்தீர்கள். மனைவிக்கு எழுதியதைப் படித்ததற்கு மன்னியுங்கள். படிக்காமல் விட்டிருந்தால் உங்களைக் கல் என்றே நினைத்திருப்பேன்.

சரி, காலையில் ஒரு பூர்வகுடிப் பெண் வந்தாள். அவள் திறக்குமுன்பே கதவை அடைத்துவிட்டீர்கள். வெகுநேரம் முயன்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். யார் வீட்டுக் கதவு ஐயா அது? இரண்டே வருஷத்தில் சகமோர் ஜான் பெரியம்மையில் போனார். அடுத்த வருஷம், பூர்வகுடிகள் அநேகமாக எல்லோரும் செத்துவிட்டார்கள், நம் நில உரிமையை ஆண்டவரே சுத்தமாக்கிக் கொடுத்துவிட்டார் என்று இங்கிலாந்துக்குக் கடிதம் போடுகிறீர்கள். பட்டா கிடைத்த மாதிரி!

தனி ஆள், புது ஊர், பயம் இருக்கும். புரிகிறது. எங்கள் குடும்பத்திலும் ஒருத்திக்குக் கதவு அடைக்கப்பட்டது. அடைத்தவர்களுக்கும் காரணம் இருந்தது. அவர்களும் இதைப் படிப்பார்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஆனால் 1637 நவம்பரில் உங்களுக்கு என்ன பயம்? நீதிமன்றத்தில் பெரும்பாலும் உங்கள் ஆட்கள். 'என்னை எதற்காக வெளியேற்றுகிறீர்கள்?' என்று, சமயக் கருத்துகளுக்காக விசாரிக்கப்பட்ட ஆன் ஹட்சின்ஸன் என்ற பெண்மணி கேட்டார். மேலே பேசாதே, காரணம் நீதிமன்றத்துக்குத் தெரியும், அதற்குத் திருப்தி என்று முடித்துவிட்டீர்கள். அதற்கு முன் போதகர் ரோஜர் வில்லியம்ஸைக் காலனியிலிருந்து துரத்தியபோது மட்டும், நரகான்செட் விரிகுடாப் பக்கம் போங்கள் என்று ரகசியமாக வழி சொல்லி அனுப்பத் தெரிந்ததே. அந்த அம்மாளுக்கும் அப்படி ஒரு சீட்டு எழுதியிருக்கலாம். பிறகு அவரும் அந்தப் பக்கம்தான் போனார், நீங்கள் சொல்லாமலே.