டக்ட் கிளீனிங் செய்யும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாருக்கு,

கனடாவில் ரொறன்ரோவையொட்டி ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ் பக்கமெல்லாம், வீட்டுக்குள் சூடும் குளிரும் கொண்டுபோகும் காற்றுக் குழாய்களைத் (டக்ட்) துப்புரவாக்க, பெரிய வக்யூமை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போகிற உங்களுக்குத்தான் இந்தக் கடிதம். நான் இருபத்தைந்து வருடம், வீட்டைச் சூடாக்கும் மெஷினான ஃபேர்னஸ் திருத்திய ஆள். இப்போது ஓய்வு. முழங்கால் பேஸ்மென்ட் (நிலவறை) படி இறங்க விடுவதில்லை; வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

போன மாதம் அஜாக்ஸில் என் அக்கா வீட்டுக்கு உங்களில் ஒருவர் வந்திருக்கிறார். போனில் கதைத்தபோது முழு வீட்டுக்கும் 99 டொலர். வந்த பிறகு, அது கிளைக் குழாய்களுக்கு மட்டும்தான், பெரிய குழாய் இரண்டுக்கும் தனிக்காசு என்றாராம். அப்புறம் தன் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அன்ரி, உள்ளுக்குள்ள பாருங்கோ, பூஞ்சணம். உங்கட முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இதாலதான்" என்றிருக்கிறார். கடைசியில் குழாய்க்குள் கிருமி கொல்லும் மருந்துப் புகையும் அடித்து 640 டொலர். அக்கா தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்து அனுப்பியிருக்கிறா.

அந்தப் படத்தை அக்காவுக்கும் அனுப்பியிருந்தார். பார்த்தேன். படத்தில் இருப்பது வளைகிற குழாய், உள்ளே கம்பிச் சுருள் தெரிகிறது. அக்கா வீட்டிலோ ஒரு முழம்கூட அந்தக் குழாய் கிடையாது, முழுக்கத் தகரம். வேறு யாரோ வீட்டின் பூஞ்சணத்துக்கு அக்கா காசு கட்டியிருக்கிறா.

எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. நேர்மையாக வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் வருத்தத்தைச் சொல்லிப் பயம் காட்டும் பழக்கம் பரவிவிட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997 இலேயே வீட்டுக்காரருக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. குழாய்களைத் துப்புரவாக்குவது நோயைத் தடுக்கும் என்று ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. குழாய்த் தூசியில் பெரும்பகுதி தகரத்தில் ஒட்டியபடி அங்கேயே கிடக்கும். சமையல், கூட்டிப் பெருக்குதல், சனம் நடமாடுவது, வெளியிலிருந்து வரும் அழுக்கு, இவைதான் மூக்குக்குள் அதிகம் போகின்றன. எங்கள் வீடுகளில் சாம்பிராணியையும் ஊதுபத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொரியல் மணம் போகவில்லை என்று டக்ட் கிளீனிங்குக்கு ஆள் கூப்பிட்ட வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அடுப்புக்கு மேலுள்ள காற்றாடி புகையை வெளியே தள்ளாமல் குசினிக்குள்ளேயே திருப்பி விட்டுக்கொண்டிருக்கும்.

அப்படியென்றால் எப்போது தேவை? அதே கையேடு மூன்று நிலைமைகளைச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கணிசமான பூஞ்சணம், எலியோ பூச்சியோ குடியிருப்பது, குழாய் அடைபடுகிற அளவு குப்பை சேர்ந்து காற்றோடு தூசி வெளியே வருவது. என் அனுபவத்தில் கடைசியானதுதான் எங்கள் சனத்துக்கு அதிகம் பொருந்தும். புதிதாகக் கட்டிய வீடு வாங்குவோம், கட்டியவர்கள் குழாய் வாயை மூடாமலே சுவர்ப்பலகை வெட்டியிருப்பார்கள். தரையில் இருக்கும் துவாரத்துக்குள் கையை விட்டால் மரத்தூள், ஆணி, கோக் பேணி, ஒருமுறை பாதி தின்ற சான்ட்விச் உறைகூட வந்தது. அதற்குப் பிறகு வாடகைக்கு விட பேஸ்மென்ட் கட்டுவோம். சுவர்ப்பலகையின் வெள்ளைத் தூள் ஃபேர்னஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிட்டர்ன் (வீட்டுக் காற்றைத் திரும்ப ஃபேர்னஸுக்கு இழுக்கும் குழாய்) வழியாக உள்ளே போய்விடும். இந்த இரண்டு வீட்டுக்காரரும் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். எலிப் புழுக்கை கண்டாலும் போங்கள், ஆனால் ஓட்டையை முதலில் அடைக்கச் சொல்லுங்கள்.

பூஞ்சணத்தில் மட்டும் கவனம். கறுப்பாகத் தெரிவதெல்லாம் பூஞ்சணம் இல்லை. மெழுகுதிரிப் புகையும் அப்படித்தான் படியும். உண்மையிலேயே பூஞ்சணம் என்றால் எங்கோ ஈரம் இருக்கிறது. 2013 ஜூலை மழையிலும் 2024 ஜூலை மழையிலும் ரொறன்ரோவில் எத்தனை பேஸ்மென்ட் தண்ணீரில் நின்றது என்று உங்களுக்கே தெரியும். ஈரம் வந்த வழியை அடைக்காமல் குழாயைத் துப்புரவாக்கினால் அது திரும்ப வரும். உள்ளே கண்ணாடி இழை ஒட்டிய குழாய் நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்தால் துப்புரவே செய்ய முடியாது, கழற்றி மாற்றத்தான் வேண்டும். மருந்துப் புகை அதற்குப் பதிலாகாது.

என் பிழையையும் சொல்கிறேன். "டக்ட் கிளீன் பண்ணவேணுமோ அண்ணை?" என்று கேட்டவர்களிடம், உள்ளே எட்டிப் பாராமலே "செய்தால் நல்லதுதான்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அவசரம், அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். ஆகவே மேலே நின்று அறிவுரை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். மெஷினைப் போடுவதற்கு முன் இரண்டு துவார மூடிகளையும் ஒரு ரிட்டர்ன் மூடியையும் கழற்றுங்கள். வீட்டுக்காரரின் போனை வாங்கி, அதன் வெளிச்சத்திலேயே உள்ளே படம் எடுத்து அவரிடமே கொடுங்கள். மெல்லிய சாம்பல் படலம் மட்டும் என்றால், "இப்ப தேவையில்லை, மூடியை மட்டும் வக்யூம் பண்ணுங்கோ" என்று சொல்லுங்கள். வந்து பார்த்ததற்கு ஒரு நியாயமான காசு கேளுங்கள், தருவார்கள். வேலை இருந்தால் முழுதாகச் செய்யுங்கள்: ஃபேர்னஸின் காற்றாடி, ஏசியின் குளிர் சுருள், தண்ணீர் தட்டு எல்லாம் சேர்த்து. அரைவாசியை விட்டுவிட்டால், விட்ட அழுக்கு மற்றதிலும் ஏறும். கதவைத் தட்டிப் போய் அந்த இடத்திலேயே ஒப்பந்தம் போடுவது 2018 மார்ச் 1 முதல் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் சில பொருட்களுக்கும் சேவைகளுக்கும் தடை. அந்தப் பட்டியலில் டக்ட் கிளீனிங்கும் இருக்கிறது. தெரியாது என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று, வருமானம் குறையும் என்று பயப்பட வேண்டாம். உடுப்புக் காயவைக்கும் மெஷினின் குழாயைப் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். அதில் சேரும் பஞ்சு நெருப்புப் பிடிக்கும், அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே உங்களுக்கு நியாயமான வேலை கிடக்கிறது.

அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், படி இறங்கித்தான். ஃபேர்னஸ் பில்டர் (காற்று வடிகட்டி) ஒன்றரை வருடமாக மாற்றவில்லை, அதுவும் அம்புக்குறி காற்றுப் போகும் பக்கம் பாராமல் மறுபக்கம் பார்த்தபடி. 640 டொலர் வாங்கியவர் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. புதியது ஒன்றைப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி நாட்காட்டியில் குறித்துவிட்டு வந்தேன்.

போன காசைப் பற்றி அக்கா பெரிதாகக் கவலைப்படவில்லை. அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறா. "அந்த வீட்டுக்காரருக்குச் சொன்னவங்களோ தெரியாது, பாவம்" என்கிறா.

அன்புடன்,
பழைய ஃபேர்னஸ்காரர் ஒருவர்