பூவை நம்பாதே, தோலைப் பார்

கோத்தகிரி,
ஜனவரி 18

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. ஓசூர் வீட்டுப் பின்புறத்தில் குஃப்ரி ஜோதி ரக உருளைக்கிழங்கு பூத்து நிற்கிறது என்று படித்ததும் நேரில் வந்து பார்க்க ஆசையாகிவிட்டது. இங்கே நல்ல பனி. தண்ணீர் பாய்ச்சி விளைவிக்கும் நீர்ப்போகத்துக்கு நிலம் கொத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பூத்துவிட்டதே, தோண்டலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வேண்டாம். சில ரகங்கள் பூக்கவே பூக்காது, சிலது மொட்டிலேயே உதிர்த்துவிடும். பூ வந்தால் கீழே கிழங்கு பருத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமே தவிர, முற்றிவிட்டது என்றில்லை. பிள்ளைகள் இளங்கிழங்கு கேட்டால், செடியை அசைக்காமல் அணைத்த மண்ணின் ஓரத்தைக் கையால் விலக்கி இரண்டு மூன்று எடுத்துக்கொண்டு மண்ணை மூடிவிடு. அது அன்றைக்கே சமைக்க வேண்டியது. வைத்தால் சுருங்கிப்போகும்.

நவம்பர் முதல் வாரம் நட்டிருக்கிறாய். ஜோதிக்கு உங்கள் பக்கம் 90 முதல் 100 நாள், இங்கே மலையில் 120 நாள் வரை போகும். ஆனால் நாள்கணக்கைவிட இலையைப் பார். அடியிலை பழுத்து, தண்டு சாய்ந்து, செடியில் பாதிக்கு மேல் மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிடு. அதற்குப் பிறகும் ஊற்றினால் கிழங்கின் தோலிலுள்ள நுண்துளைகள் வெள்ளை வெள்ளையாகப் பொரி போலப் புடைக்கும். அந்தத் துளைகள் வழியாகத்தான் அழுகல் உள்ளே போகிறது. காயவிட்டுத் திடீரென்று ஊற்றுவது அதைவிட மோசம், கிழங்கின் மேலேயே குட்டிக் கிழங்கு கிளம்பும்.

தண்டு முழுதும் காய்ந்தபின் 10 முதல் 14 நாள் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும். பலர் அவசரப்படுவது இங்கேதான். தோல் கெட்டிப்படுவதே இந்த நாட்களில்தான். ஓரத்தில் ஒரு செடி, நடுவில் ஒரு செடி தோண்டி, கட்டைவிரலை அழுத்திப் பக்கவாட்டில் தேய்த்துப் பார். தோல் கழன்று சுருண்டு வந்தால் மற்றதைத் தொடாதே, ஒரு வாரம் கழித்து மறுபடி பார். தேய்த்தாலும் தோல் அசையாமல், தொட்டதும் கிழங்கு கொடியிலிருந்து தானாகக் கழன்றால் தாராளமாக எடுக்கலாம்.

காத்திருக்கும்போது ஒரு ஆபத்து உண்டு. தண்ணீர் நின்றதும் பாத்தி வெடிக்கும். வெடிப்பு வழியாக அந்துப்பூச்சி போய்க் கிழங்கின் கண்ணில் முட்டை வைக்கும், வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும். ஆகவே வெடிப்பைக் கண்டதும் மண் இழுத்து மூடு.

மூடுபனி நாட்களில் இலையில் நீர் கோத்த கருந்திட்டும், அடியில் வெள்ளைப் பூஞ்சணமும் தெரிந்தால் கணக்கே வேறு. அது பின்பருவக் கருகல். மஞ்சளாகும்வரை பார்க்காமல் தண்டைத் தரையோடு அறுத்து அப்புறப்படுத்து, எருக்குழியில் போடாதே. அப்போதும் இரண்டு வாரம் கழித்துத்தான் தோண்ட வேண்டும். உடனே தோண்டினால் மேல்மண்ணில் விழுந்த நோய்வித்து கிழங்கில் ஒட்டிக்கொண்டு, மூட்டைக்குள் எல்லாம் அழுகும்.

மண் பொலபொலவென்று இருக்கும் நாளில், தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் கொத்து. கழுவாதே. நிழலில் ஈரம் உலரட்டும், வெயிலில் பரப்பாதே. கொத்து பட்டதை முதலில் சமையலுக்கு எடுத்துவிட்டு, மற்றதை இருட்டான, காற்றோட்டமுள்ள அறையில் சாக்கின்மேல் 10 நாள் பரப்பு. சின்னக் கீறல்கள் அதில் ஆறிவிடும். பிறகு காய்ந்த உண்ணிச்செடி இலையை மேலே ஒரு அங்குலம் போட்டு வைத்தால் அந்துப்பூச்சி அண்டாது. ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதே, குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகி, வறுத்தால் கருக்கும். நன்றாகப் பச்சை பாய்ந்ததைத் தூக்கி எறிந்துவிடு, மாட்டுக்கும் போடாதே.

அடுத்த வருஷத்துக்கு இங்கிருந்து விதைக்கிழங்கு அனுப்பச் சொன்னாய். அது மட்டும் முடியாது, கோபித்துக்கொள்ளாதே. 1961இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு, வேரைத் தாக்கும் நுண்ணிய புழு, இன்னும் இந்த மண்ணில் இருக்கிறது. கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண்ணே போதும், உன் பாத்திக்கு வந்துவிடும். கூட்டுக்குள் முட்டை பல வருஷம் உயிரோடு கிடக்கும். சான்று பெற்ற விதையாகப் பார்த்து வாங்கு.

முதல் செடியைத் தோண்டியதும் தோல் எப்படி இருந்தது என்று எழுது.

அன்புடன்,
ராஜு