தும்மலுக்கு காரணம் கரும்புப் புகை மட்டும் இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

நாங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கத்துல டோங்காட்ங்கிற ஊர்ல இருக்கோம். கரும்பு வெட்டு சீசன்ல தோட்டத்துல தீ வெச்சா கொடியில காயுற துணி மேலெல்லாம் கரித்தூள் வந்து விழும், அதனால என் பேத்தி காலையில எழுந்ததும் பத்து பதினைஞ்சு தும்மல் போட்டு கண்ணைக் கசக்குறப்ப எல்லாம் அந்தப் புகையைத்தான் திட்டிட்டு இருந்தேன். ஆனா தீயே வைக்காத ஜனவரி மாசத்துலயும் அதே தும்மல்! எது அலர்ஜின்னு பாக்க டாக்டர் கையில ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொட்டு வெச்சு ஊசி குத்தி டெஸ்ட் பண்ணாங்க, தூசிப்பூச்சி சொட்டு வெச்ச இடம் மட்டும் கொசு கடிச்ச மாதிரி தடிச்சுப் போச்சு.

கண்ணுக்கே தெரியாத பூச்சி அது, நம்ம தோல்ல இருந்து உதிர்ற செதிலைத் தின்னு மெத்தை தலையணைக்குள்ள வாழுது, டர்பன் கடலோர ஈரக்காத்து அதுக்கு ரொம்பத் தோது. இப்ப வாரம் ஒருதடவை பெட்ஷீட் தலையணை உறையை 60 டிகிரி சுடுதண்ணியில துவைக்கிறோம், பொம்மையெல்லாம் கட்டில விட்டு எடுத்தாச்சு. புகை அலர்ஜி இல்லதான், ஆனா ஏற்கனவே புண்ணா இருக்கிற மூக்கை இன்னும் எரிய வைக்கும், அதனால வெள்ளிக்கிழமை சாம்பிராணியக்கூட வாசலோட நிறுத்திட்டேன், மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

அலர்ஜிக்கு டாக்டர் குடுக்கிற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேய ரெண்டு நாள் அடிச்சுட்டு கேக்கலன்னு தூக்கிப் போடாதீங்க, முழுசா வேலை செய்ய ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். மூக்கோட நடுச்சுவரப் பாத்து அடிக்காம காது பக்கம் சாய்ச்சு அடிக்கணும். நெஞ்சுல விசில் சத்தம் கேட்டா மட்டும் வீட்டு வைத்தியம் பாத்துட்டு உக்காராதீங்க, உடனே கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போங்க.

ஒரு பாட்டி,
டோங்காட்