கடலோடு போன நோட்டுக்கு ஒரு நன்றி மடல்

கேஃபீல்டு மைதானத்தில் நான்கு சீசனாக என் பக்கத்தில் நின்றவர்களுக்கு,

வணக்கம். இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்கும் ஒரு எழுத்துகூடப் புரியாது என்று தெரியும். நம் கால்பந்துக் கிளப்பைப் பற்றிய தொடரைத் தமிழில்தானே எழுதினேன். அதைப் படித்தவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரிய வேண்டாமா? உங்களுக்கு நானே இடைவேளையில், கையில் இருக்கும் சூடான இறைச்சிப் 'பை' (pie) ஆறுவதற்குள், வாயால் சொல்லிவிடுகிறேன்.

தொடரைப் படிக்காதவர்களுக்கு நாலு வரி. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஆங்கஸ் வட்டாரத்தில், ஆர்ப்ரோத் என்று ஒரு மீன்பிடி ஊர். அங்கே 1878-இல் தொடங்கிய ஒரு கால்பந்துக் கிளப். அதன் மைதானம்தான் கேஃபீல்டு. எனக்கு வேலை டண்டியில். வாடகை குறைவு என்று 2021-இல் ஆர்ப்ரோத்தில் வீடு பிடித்தேன். வந்த மூன்றாம் வாரம் சனிக்கிழமை மதியம் ஊரே ஒரு பக்கமாக நடந்து போவதைப் பார்த்துப் பின்னாலேயே போனேன். குமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவன் நான். மணலில் பந்து உதைத்து, பந்து அலைக்குள் போனால் நீந்திப்போய் எடுத்து வந்தவர்கள் நாங்கள். உப்புக் காற்றும் பந்தும் ஒரே இடத்தில் கிடைத்தால் கால் தானாக நின்றுவிடும். நின்றது. பிறகு கேட்டதையெல்லாம் எழுதத் தொடங்கினேன்.

நோட்டு போன கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். கேஃபீல்டில் கடல் ஏற்றத்தின்போது அலை ஏறும் கோட்டுக்கும் மைதானத்துக்கும் ஐந்தரை கஜம்தான் இடைவெளி. ஐரோப்பாவிலேயே கடலுக்கு இவ்வளவு நெருக்கத்தில் வேறு மைதானம் இல்லை என்பது ஊரின் பெருமை. பெருமை இருக்கட்டும், காற்றைச் சொல்கிறேன். வடகடலிலிருந்து தடை ஏதும் இல்லாமல் வரும். கோல்கீப்பர் உதைத்த பந்து மேலே போய், கொஞ்சம் யோசித்து, அவரிடமே திரும்பி வருவதை இங்கே பார்க்கலாம். சுவரில் மோதிய அலையின் தூவானம் படிகளில் நிற்கிறவர்கள் தலையில் விழும். 2023 குளிர்காலத்தில் அப்படியொரு நாள், நம் பக்கம் ஒரு கார்னர் கிடைத்தது. எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள், நானும் சாய்ந்தேன். கக்கத்தில் இடுக்கியிருந்த நோட்டு நழுவியது, விரிந்தது, நாரை மாதிரி இரண்டு முறை சிறகடித்துச் சுவரைத் தாண்டிவிட்டது. இரண்டரை சீசன் குறிப்புகள். செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று யாரும் கேட்க வேண்டாம். என் மனைவி கேட்டுவிட்டாள்.

தட்டைத் தொப்பிக்காரரே (அந்தப் படியில் பாதிப் பேர் தட்டைத் தொப்பிதான்; நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்), அப்போது நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "இந்நேரம் நார்வே பக்கம் போயிருக்கும்" என்றீர்கள், மறுபடி ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டீர்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் நிற்கிறீர்கள். "செவ்வாய்க்கிழமை, ஆறு மணி, என் வீடு. புது நோட்டு கொண்டு வா." அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய் ஒன்பது செவ்வாயாகிவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்தீர்கள். ஆட்டநாள் கையேடுகள், ரப்பர் பேண்டு போட்டு, வருஷ வாரியாக. சிலவற்றில் ஓரத்தில் பென்சில் குறிப்பு. நீங்கள் மறுபடி சொன்ன கதைகளில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது: முதல் தடவை சொன்னதும் இரண்டாம் தடவை சொன்னதும் ஒன்றாக இல்லை. 1952 பிப்ரவரி 23, ஸ்காட்டிஷ் கோப்பையில் கிளாஸ்கோவின் பெரிய அணியான ரேஞ்சர்ஸ் வந்த நாள், கேஃபீல்டில் 13,510 பேர், இன்றுவரை அதுதான் இந்த மைதானத்தின் அதிகபட்சக் கூட்டம். உங்கள் அப்பா அன்று கோலுக்குப் பின்னால் நின்றார் என்று முதலில் சொல்லியிருந்தீர்கள். செவ்வாய்க்கிழமை அவர் கடற்பக்கத்துச் சுவருக்கு மாறிவிட்டார். சுட்டிக் காட்டினேன். கொஞ்சம்கூட அசரவில்லை நீங்கள். "அவ்வளவு கூட்டம் தம்பி, ரெண்டு இடத்துலயும் நிக்க வேண்டியிருந்தது" என்றீர்கள். ("தம்பி" நான் போட்டது. நீங்கள் சொன்ன ஆர்ப்ரோத் சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமாக என்னிடம் வேறு இல்லை.)

ஆனால் எண்களில் உங்களிடம் விளையாட முடியாது. நாம் 36–0 என்று வென்ற ஆட்டத்தின் அத்தியாயத்தை மூன்று முறை திருப்பி எழுத வைத்தீர்கள். 1885 செப்டம்பர் 12, கோப்பையின் முதல் சுற்று, அபர்தீனிலிருந்து வந்த பான் அக்கார்ட் அணி. பாதி ஆட்டத்தில் 15–0. ஜான் பெட்ரி என்ற பதினெட்டு வயதுப் பையன் மட்டும் 13 கோல். நம் கோல்கீப்பர் ஜிம் மில்னுக்குப் பந்தைத் தொடும் வேலையே வரவில்லை. மழைக்குப் பார்வையாளர் ஒருவரின் குடைக்குள் ஒதுங்கி நின்றார். அந்தக் காலத்தில் கோலுக்கு வலை கிடையாது, ஒவ்வொரு கோலுக்கும் பந்தைத் தேடி எடுத்து வர வேண்டும். அந்த நேரத்தையும் கழித்துப் பார்த்தால் 36 எப்படி முடிந்தது என்று இன்னும் எனக்கு ஆச்சரியம்தான். பான் அக்கார்டுகாரர்கள் உண்மையில் ஒரு கிரிக்கெட் சங்கம், அழைப்புக் கடிதம் தவறாகப் போய்விட்டது என்று நான் ஆசையாக எழுதியிருந்தேன். அந்தப் பத்திக்கு எதிரே "கதை" என்று ஒரே சொல்லைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தீர்கள். எடுத்துவிட்டேன். மனசில்லாமல்தான்.

அதே நாளில் பக்கத்து டண்டியில் டண்டி ஹார்ப் அணி அபர்தீன் ரோவர்ஸை 35–0 என்று வென்றதை மட்டும் விடச் சொல்லவில்லை. நடுவர் 37 என்று எண்ணினாராம், ஹார்ப் செயலாளரே 35தான் என்று திருத்தினாராம். "நேர்மையால தோத்தாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். 2002-இல் மடகாஸ்கரில் 149–0 என்று ஓர் ஆட்டம் நடந்ததே என்று நான் கேட்டதற்குத்தான் உங்கள் முகம் மாறியது. அது நடுவர் மீது கோபத்தில் தங்கள் கோலிலேயே தாங்கள் அடித்துக்கொண்டது. அதை ஒரு ஸ்கோர் என்று ஏற்க உங்கள் வீட்டில் இடமில்லை. தேநீர்கூடச் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது.

36 கோலும் இப்போதைய புல்தரையில் அடிக்கப்பட்டவை என்று நினைத்திருந்தேன். 1925-இல் மைதானத்தையே சற்று நகர்த்திப் போட்டார்கள் என்று வெளியே கூட்டிப்போய்க் காட்டினீர்கள், மழையில். அதற்குத் தனி நன்றி. அன்று பிடித்த சளிக்கு இல்லை.

மீன்காரக் குடும்பத்து அக்காவுக்கு அடுத்த நன்றி. உங்களை அக்கா என்று கூப்பிடுகிறேன் என்பதற்கு அர்த்தம் கேட்டபோது, "அப்போ நான் வயசானவள்ங்கறே" என்றீர்கள். இல்லை அக்கா, திட்ட உரிமை உள்ளவர் என்று அர்த்தம். அந்த உரிமையை நன்றாகவே பயன்படுத்தினீர்கள். கிளப்பின் செல்லப்பெயரான "ரெட் லிக்டீஸ்" (சிவப்பு விளக்குக்காரர்கள்) என்பதற்கு, கடலுக்குள் பதினோரு மைலில் நிற்கும் பெல் ராக் கலங்கரை விளக்கம்தான் காரணம் என்று எழுதிவிட்டேன். 1811 பிப்ரவரி முதல் எரிகிற அந்த விளக்கைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வர்ணனை வேறு. "அது பெரிய விளக்கு. நம்ம விளக்கு சின்னது" என்றீர்கள். துறைமுக வாயில் எங்கே என்று படகுகளுக்குக் காட்டிய சிவப்பு விளக்கு அது. உங்கள் தாத்தா பார்த்துக்கொண்டே வீடு வந்த விளக்கு. எங்கள் ஊரில் தேவாலயக் கோபுரத்தைக் குறிவைத்துக் கரை திரும்புவார்கள். அதனால் எனக்கு உடனே விளங்கிவிட்டது.

ஸ்மோக்கி பற்றிய அத்தியாயம் முழுக்க உங்களுடையது. ஹாடக் மீனை உப்பில் போட்டு, இரண்டிரண்டாக வாலைக் கட்டி, கட்டையில் தொங்கவிட்டு, பீப்பாய்க்குள் விறகுத் தீயின் மேல் நனைந்த சாக்கு மூடிப் புகையில் வேகவிடுவதை நின்று காட்டினீர்கள். ஆர்ப்ரோத்தைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் செய்ததைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்ற சட்டக் காப்பு 2004-இல் கிடைத்தது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் கேட்டீர்கள் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. பதிலுக்கு நான் கொடுத்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை நீங்கள் முழுதாகச் சாப்பிடவில்லை. பரவாயில்லை.

மருந்துக் கடைப் பெண்ணே, 2021–22 சீசன் அத்தியாயம் உன்னால்தான் நிமிர்ந்தது. நான் அதை ஒப்பாரி மாதிரி எழுதியிருந்தேன். எழுதாமல் என்ன செய்வது? நான் வந்த முதல் சீசன் அது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிற ஆட்டக்காரர்கள், இரண்டாம் நிலை லீக்கில் முழுநேர அணிகளையெல்லாம் தள்ளிவிட்டு மாதக்கணக்கில் முதலிடம். பாபி லின் வார நாட்களில் குப்பை வண்டியோடு போனவர், சனிக்கிழமை பக்கவாட்டில் பறந்தவர். அப்போதைய மேலாளர் டிக் கேம்பெல் தொப்பியும் கையுமாகக் கோட்டுக்கு வெளியே நின்று கத்தியது கடைசிப் படி வரை கேட்டது. ஏப்ரல் 22, கில்மார்னக் அணியை அவர்கள் மைதானத்திலேயே ஜெயித்திருந்தால் மேல் லீக் வாசல் திறந்தே இருந்திருக்கும். முன்னிலை பெற்றோம், கடைசி நிமிடங்களில் 2–1 என்று போனது. அவர்கள் 67 புள்ளி, நாம் 65. பிறகு, மேலே போக மிச்சமிருந்த வாய்ப்பான பிளே-ஆஃபில், இன்வர்னஸ் அணியுடன் இரண்டு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட விழாமல், பெனால்டியில் தோற்றோம். நான் தொண்டை அடைத்து நின்றேன். நீயோ அன்று இரவே அட்டவணையை அச்செடுத்துக் கடைக் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவிட்டாய். "ரெண்டாவது" என்ற இடத்தில் சிவப்பு வட்டம். "எங்க பாட்டி பார்த்ததே இல்ல இப்படி ஒரு வரிசை" என்றாய். அந்த வாக்கியத்தை வைத்துத்தான் அத்தியாயத்தைத் தொடங்கினேன்.

2024-இல் கடைசி இடத்துக்கு விழுந்து கீழ் லீக்குக்குப் போனதை நீ வெட்டச் சொன்னாய். வெட்டவில்லை, மன்னித்துவிடு. அடுத்த வருஷமே அந்த லீக்கை ஜெயித்துத் திரும்பி வந்ததால் இப்போது உனக்கும் கோபம் இராது.

பக்கத்து ஊர் எதிரணியான மான்ட்ரோஸ்காரர் ஒருவருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். இதை என் படியில் சத்தமாகச் சொல்ல முடியாது. நம் அணிச் சால்வையோடு, உங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டதைக் கவனிக்காமல் நின்றிருந்த என்னிடம், நம் கிளப்பைப் பற்றி நம் ஆட்களே சொல்லாத ஒன்றை நீங்கள்தான் சொன்னீர்கள்: ஆர்ப்ரோத் முதன்முதலில் ஒரு லீக் பட்டம் வாங்கியதே 2011-இல்தான். 133 வருஷம். குத்திக் காட்டத்தான் சொன்னீர்கள். வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தேன், உண்மை. தொப்பிக்காரரிடம் கேட்டால், "1974-இல் அவர்கள் மைதானமான ஐப்ராக்ஸுக்கே போய் ரேஞ்சர்ஸை 3–2 என்று அடித்தோம், அதை அவன் சொன்னானா?" என்றார். இரண்டையும் அடுத்தடுத்த வரியில் வைத்திருக்கிறேன்.

பை கடையில் ஒவ்வொரு தடவையும் என் தம்ளரில் போவ்ரிலுக்கு (சூடான மாட்டிறைச்சிச் சாறு) மேல் கூடுதலாக மிளகு தூவியவர், இடைவேளையில் எல்லோரும் நம் அணி கோல் அடிக்கப்போகும் பக்கத்துக்கு இடம் மாறும்போது என் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டவர், பழைய செய்தித்தாள் சுருளை மூடும் நேரம் தாண்டியும் பார்க்கவிட்ட நூலகர், எல்லோருக்கும் நன்றி. தொடர் வந்த நாட்களில் "ஆஃப்சைடு என்றால் என்ன என்று முதலில் சொல்லுங்கள்" என்று எழுதிய தமிழ் வாசகர்களுக்கும்தான். மூன்றாம் அத்தியாயம் உங்களால் இரண்டு மடங்கு நீண்டது.

ஒரு வழக்கு மட்டும் பாக்கி. ஆர்ப்ரோத்தில் பிறந்தவர்தான் லிக்டி என்று தொப்பிக்காரரும், இங்கே நனைந்தவர் எல்லோரும் லிக்டிதான் என்று அக்காவும் இரண்டு வருஷமாக வாதாடுகிறீர்கள். என் மகள் போன மார்ச்சில் பிறந்தது டண்டி ஆஸ்பத்திரியில். அதைப் பற்றித் தீர்ப்பு சொல்லும்வரை அவளுக்கு நம் அணியின் மெரூன் சட்டை வாங்குவதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தொடர் புத்தகமாகிவிட்டது. அடுத்த ஹோம் ஆட்டத்துக்கு ஆறு பிரதி எடுத்து வருகிறேன், வழக்கமான படிக்கு. காற்று வடகிழக்கு என்றால் படியில் தரமாட்டேன். பை கடை வரிசையில், சுவர் ஓரமாக, பிளாஸ்டிக் உறை போட்டுத் தருகிறேன். பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டு போங்கள்.